கட்டடம் வருகிறது, மின்கட்டணம் வருவதில்லை: வன்னிப் பாடசாலைகள் பணம் தேடும் வழிகள்

ஒவ்வோர் ஆண்டும் முதலாம் தவணை தொடங்கும் நாட்களில் இரண்டு விதமான செய்திகள் வரும். ஒன்று, பாடசாலைகள் பெற்றோரிடம் பணம் அறவிடக் கூடாது என்ற அதிகாரிகளின் எச்சரிக்கை. மற்றது, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் சங்கக் கிளையொன்று கணினிக்கூடத்தையோ புதிய நுழைவாயிலையோ கையளித்த படம். இரண்டையும் ஒரே நாளில் படிக்கும் பெற்றோர் குழம்பத்தான் செய்வார்கள். பாடசாலை பணம் தேடலாமா, கூடாதா? கல்வி இலவசம் என்றால் இந்தக் காசெல்லாம் எதற்கு?

சுருக்கமான பதில் இது: தேடலாம். ஆனால் பிள்ளையின் சேர்க்கையையோ படிப்பையோ நிபந்தனையாக வைத்துக் கேட்கக் கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களும் மன்னாரின் பெருநிலப் பகுதியும் சேர்ந்த வன்னியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே பாடசாலைகளுக்கு உதவியே வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்த உதவி எந்த வகையானது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அரசு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அப்போதும் வடக்கில் பெரும்பாலான பாடசாலைகளை மிஷன்களும் 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும்தான் நடத்தின. வீடுதோறும் கைப்பிடி அரிசி (பிடியரிசி) சேர்த்து மடமும் பள்ளிக்கூடமும் நடத்திய மரபும் இங்கே இருந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதன் பிறகு காணி, கட்டடம், ஆசிரியர் சம்பளம் எல்லாம் அரசின் கைக்குப் போயின. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தேசிய பாடசாலைகளை மத்திய அமைச்சிடம் விட்டு, மற்றவற்றை மாகாண சபைகளிடம் கொடுத்தது. வன்னியின் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். வட மாகாண சபைக்கு 2013இல் நடந்த தேர்தலுக்குப் பின் இன்னொரு தேர்தல் நடக்கவில்லை. 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதிலிருந்து ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம் நடக்கிறது. முல்லைத்தீவின் துணுக்காய் கல்வி வலயத்தில் ஒரு பாடசாலையின் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது என்று சபையில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர் இல்லை என்பது இதன் நேரடி விளைவு.

ஒரு மாகாணப் பாடசாலைக்கு வளம் வரும் வழிகள் இவை:

1. சம்பளம். அரசின் கல்விச் செலவில் பெரும்பகுதி இதற்கே போகிறது. இது பாடசாலையின் கையைத் தொடாமல் நேராக ஆசிரியரின் கணக்குக்குப் போய்விடும்.

2. பொருளாக வருபவை. 1980 முதல் பாடநூல், 1993 முதல் சீருடைத் துணி. ஆரம்பப் பிரிவுக்கு உணவுத் திட்டம்.

3. தர உள்ளீட்டு நிதி. கற்றல் கற்பித்தலுக்குத் தேவையான பொருட்களுக்காக, மாணவர் தொகையையும் வகுப்புகளையும் கணக்கிட்டு ஒதுக்கப்படுவது. 60 பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு இதில் கிடைக்கும் மொத்தத் தொகை சிறியது.

4. மூலதன வேலைகள். மாகாணத்துக்கான அபிவிருத்தி நன்கொடை, மத்திய அமைச்சின் திட்டங்கள், உலக வங்கி போன்றவற்றின் கடனில் நடக்கும் கருத்திட்டங்கள். 2011இல் பேசப்பட்ட ஆயிரம் இரண்டாம் நிலைப் பாடசாலைத் திட்டமும் 2016இல் வந்த ‘அண்மையில் உள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’யும் இந்த வகையைச் சேர்ந்தவை.

5. பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்தது. அதிபர்தான் பதவிவழித் தலைவர். உறுப்பினர் சந்தா, நன்கொடை, சிற்றுண்டிச்சாலை வருமானம் எல்லாம் இந்தச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

6. வெளியார். பழைய மாணவர், ஊர்ச் சங்கம், தொண்டு நிறுவனம், வங்கி, ஒரு தனி மனிதர்.

மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. இலங்கையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு காகிதத்தில் இருக்கும், கட்டுநிதி, அதாவது செலவுக்கு விடுவிக்கும் காசு, கைக்கு வரத் தாமதமாகும். ஆண்டுக் கடைசியில் வந்து சேரும் பணத்தை டிசெம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். நவம்பரில் அவசரமாக வாங்கிய விளையாட்டுப் பொருள் மழைக்காலம் முழுக்க அலுமாரியில் கிடப்பதற்கு இதுதான் காரணம். அதிபரைத் திட்டிப் பயனில்லை.

இரண்டு வகைப் பணம்

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை செலவழித்தால் பல ஆண்டுகள் நிற்பது மூலதனச் செலவு: கட்டடம், தளபாடம், இயந்திரம். மாதா மாதம் வருவது மீண்டுவரும் செலவு: மின்சாரம், நீர், தாள், திருத்தவேலை, இணையம், காவலாளி.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது வன்னியின் பல பாடசாலைகள் கூரையில்லாமல், சில இடங்களில் சுவரே இல்லாமல் நின்றன. மீள்குடியேற்றம் படிப்படியாக நடந்தது. வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் இருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டு அரசுகளும் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கட்டடங்களைக் கட்டின. அது தேவைதான். ஆனால் உதவும் பழக்கம் அந்த அச்சிலேயே உறைந்துவிட்டது. கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறந்துவைக்கலாம், பெயர்க்கல் பதிக்கலாம். மின்பட்டியலுக்கு யார் பெயர்க்கல் வைப்பார்கள்? எங்கள் ஊர்களில் சில பாடசாலைகளின் நுழைவாயில் வளைவுகளைப் பார்த்தால், உள்ளே இருக்கும் மலசலகூடத்துக்குக் கதவு இருக்குமா என்ற சந்தேகம் வருவது என் குணமாக இருக்கலாம்.

நீர் சுத்திகரிப்பு இயந்திரம் இதற்கு நல்ல உதாரணம். வவுனியாவிலும் முல்லைத்தீவின் உட்பகுதிகளிலும் சிறுநீரக நோய்ப் பயத்தால் பாடசாலைகளுக்கு இந்த இயந்திரங்களை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதன் வடிகட்டிகளை அடிக்கடி மாற்ற வேண்டும். சவ்வையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பம்பிக்கு மின்சாரம் வேண்டும். கொடுத்தவர் இந்தச் செலவைக் கேட்கவில்லை, வாங்கியவர் சொல்லவில்லை. இயந்திரம் நின்றதும் பிள்ளைகள் பழையபடி கிணற்றுக்குப் போகிறார்கள். ஊர் அமைப்புகள் நடத்தும் நீர் நிலையங்கள் லீற்றருக்குச் சில ரூபா வாங்கியே இயங்குகின்றன. பாடசாலையில் மிஞ்சும் நீரை, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியோடு, அயலவருக்கு அதே விலையில் கொடுத்திருந்தால் வடிகட்டிச் செலவு அதிலேயே வந்திருக்கும்.

தொண்டர் ஆசிரியர் இன்னொரு உதாரணம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லாத இடங்களில் ஊரிலுள்ள இளையோர் ஒரு சிறு கொடுப்பனவுக்குப் படிப்பிக்கிறார்கள். அந்தக் கொடுப்பனவு பல இடங்களில் அபிவிருத்திச் சங்கத்திடமிருந்தோ ஏதோ ஒரு பழைய மாணவரிடமிருந்தோ வருகிறது. அவர் இரண்டு மாதம் அனுப்ப மறந்தால் தரம் 11 வகுப்பில் கணித பாடம் நின்றுவிடும். ஒரு பாடசாலையின் சாதாரண தரப் பெறுபேற்றை நேரடியாகத் தீர்மானிக்கும் இந்தச் செலவுக்கு எந்தத் திட்டத்திலும் நிரந்தரமான நிரல் இல்லை.

‘தொழில்முனைவு’ என்று எதைச் சொல்கிறார்கள்

பாடசாலை முகாமைத்துவம் பற்றிய பயிற்சிகளில் இப்போது இந்தச் சொல் அடிபடுகிறது. பாடசாலையைக் கடையாக்கு என்று அதற்குப் பொருள் இல்லை. தன்னிடம் ஏற்கெனவே உள்ளவற்றை (காணி, மண்டபம், பழைய மாணவர், நல்ல பெயர்) கணக்கெடுப்பது, எந்தப் பணம் எந்தச் செலவுக்குப் பொருந்தும் என்று பிரிப்பது, சிறியதாகப் பரீட்சித்துப் பார்ப்பது, தந்தவருக்குக் கணக்குக் காட்டி அடுத்த முறையும் தர வைப்பது. அவ்வளவுதான். அரசுப் பாடசாலைக்கு எல்லையும் உண்டு. காணி அரசுடையது. குத்தகை, வாடகை, மரம் தறிப்பு எதுவானாலும் வலயத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பிள்ளைகளை வருமானத்துக்காக வேலை செய்ய வைக்க முடியாது. விவசாய பாடத்துக்கான செயன்முறைத் தோட்டம் வேறு, விற்பனைக்கான தோட்டத்தில் பிள்ளைகளைக் களை பிடுங்க விடுவது வேறு.

எந்த வழியில் என்ன கிடைக்கும்

*சிற்றுண்டிச்சாலை.* ஆண்டுதோறும் கேள்விப்பத்திரம் கோரி விடுவது வழக்கம். கூடிய தொகை கேட்டவருக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் கூடிய வாடகை கட்டுபவர் அதைப் பிள்ளைகளிடமிருந்தே எடுப்பார், அதுவும் பொதி மிக்சரும் இனிப்புப் பானமும் விற்று. சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம் என்று சுகாதார விதிகள் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றும் தாய்மார் குழுவொன்று குறைந்த வாடகை தந்தாலும், கடலை, பழம், இலைக்கஞ்சி விற்றால் மொத்தத்தில் பாடசாலைக்கு அதுதான் இலாபம் என்பேன். கேள்விப்பத்திரத்தின் நிபந்தனையிலேயே உணவுப் பட்டியலைச் சேர்த்துவிட்டால் பிறகு சண்டை இல்லை.

*காணியும் மரமும்.* வன்னிப் பாடசாலைகளுக்கு யாழ்ப்பாணத்தவை போல நெருக்கடி இல்லை, விசாலமான வளவு. தென்னை, மா, முருங்கை வைக்கலாம். வேலியும் நீரும் இல்லாமல் தொடங்கினால் முதல் ஆண்டு குரங்குக்கும் மாட்டுக்கும், சில இடங்களில் யானைக்கும் போகும். ஆகஸ்ட் விடுமுறையில் யார் தண்ணீர் விடுவது என்று முடிவு செய்யாமல் கன்று நடக் கூடாது.

*மண்டபம், மைதானம்.* நகரை அண்டிய பாடசாலைகளுக்குச் சரிவரும். உள்ளூர்ப் பாடசாலைகளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

*சூரிய மின்கலம்.* கேட்டவுடன் கவர்ச்சியாக இருக்கும். சிறிய பாடசாலையின் மின்பட்டியலே சிறியது, ஆகவே மிச்சமும் சிறியது. மிகை மின்சாரத்தை விற்கலாம் என்றால், 2016இல் அலகுக்கு 22 ரூபா என்று தொடங்கிய கொள்வனவு விலை பின்னர் பலமுறை ஏறி இறங்கிவிட்டது. பெரிய கணினிக்கூடமும் விடுதியும் உள்ள இடங்களில் மட்டும் கணக்குப் பார்க்கலாம்.

*சந்தை, நடைபவனி, மலர்.* ஆரம்பப் பிரிவுச் சந்தை பிள்ளைகளுக்கு நல்ல பாடம், பணத்துக்கு நம்பக் கூடாது. ஆண்டு மலருக்கு விளம்பரம் கேட்டு ஒரே நகரக் கடைகளுக்கு எல்லாப் பாடசாலைகளும் ஏறி இறங்குவதால் கடைக்காரர் சலித்துவிட்டார்கள்.

*அறுவடைப் பங்களிப்பு.* வன்னிக்கு இதுதான் மிகப் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஆனால் யாரும் சரியாகச் செய்வதில்லை. பெற்றோரின் கையில் எப்போது காசு இருக்கிறது? இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழும் மானாவாரியிலும் காலபோக நெல் பெப்ரவரி, மார்ச்சில்தான் வீட்டுக்கு வரும். நீர் இருந்தால் சிறுபோகம் ஆகஸ்டை ஒட்டி வரும். முல்லைத்தீவுக் கரையில் வாடைக் காலம் முழுக்கக் கடல் கொந்தளிப்பு, தொழில் மந்தம். பாடசாலை சந்தா கேட்கும் மாதமோ ஜனவரி. பயிர் வயலில் நிற்கிறது, உரத்துக்கு வாங்கிய கடன் தலையில் இருக்கிறது, நகை அடகில் இருக்கிறது. அந்த மாதத்தில் ஐந்நூறு ரூபாகூடப் பாரம்தான். அதே குடும்பம் மார்ச்சில், கோயிலுக்குக் கொடுப்பது போல, மனம் கோணாமல் ஒரு பங்கு நெல் கொடுக்கும். விரும்பியவர் தரட்டும் என்று விட்டு, சேர்ந்த நெல்லை ஒரே நாளில் எடைபோட்டு, கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஆலைக்கோ விற்று, சிட்டையைச் சங்கக் கணக்கில் சேர்க்கலாம். வயல் இல்லாத குடும்பங்களிடம் எதுவும் எதிர்பார்க்காமல் இருப்பதும் இந்த முறையில் இயல்பாக நடக்கும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் அழித்தது போன்ற ஓர் ஆண்டு வந்தால், அந்த ஆண்டு சேகரிப்பே இல்லை என்று சங்கம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாதம் ஆயிரமா, வங்கியில் வைப்பா

பழைய மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது, “ஒரு பெரிய தொகையை வங்கியில் போட்டு வட்டியில் நடத்தினால் என்ன?” என்று. யோசனை புதிதல்ல. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கு அமெரிக்காவின் பொஸ்ரனைச் சார்ந்த அறங்காவல் நிதியம் பல தலைமுறை இருந்தது. ஆனால் கிராமத்துப் பாடசாலைக்கு அது பொருந்துமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

1. 50 பழைய மாணவர்கள் மாதம் ஆளுக்கு 1,000 ரூபா தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50,000, ஆண்டுக்கு 6 இலட்சம்.

2. இதே 6 இலட்சத்தை 8 சதவீத வட்டி தரும் நிலையான வைப்பிலிருந்து எடுக்க 75 இலட்சம் ரூபா வைப்பு வேண்டும்.

3. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் பொதுவாக 10 சதவீதம் பிடித்துவைத்தல் வரி கழிகிறது. அதையும் சேர்த்தால் தேவைப்படும் வைப்பு 83 இலட்சத்தைத் தாண்டும்.

4. வைப்பின் பெறுமதி அப்படியே நிற்பதுமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. நெருக்கடிக்கு முன் 10 இலட்சம் வைத்த சங்கத்திடம் இப்போதும் 10 இலட்சம் இருக்கிறது, ஆனால் அது வாங்கும் தாளும் சீமெந்தும் அன்று போல் இல்லை. அதே 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள்.

5. வெளிநாட்டிலிருந்து மாதா மாதம் வரும் சிறு தொகைக்கு இங்கே ஒரு பாதுகாப்பு உண்டு. 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐ எட்டியது. இலண்டனில் இருந்து 10 பவுண் அனுப்பியவர் தொகையை மாற்றவில்லை, ஆனால் பாடசாலைக்குக் கிடைத்த ரூபா விலைவாசியோடு சேர்ந்து ஏறியது.

ஆகவே முதலில் மாதச் சந்தா, அதில் ஆண்டு முடிவில் மிஞ்சுவதை வைப்பில் போடுவதுதான் பொருத்தம். வைப்பை அவசரத்துக்கான கையிருப்பாக நினைக்க வேண்டும், வருமானத்துக்கு நம்பக் கூடாது. ஒருவர் 50,000 தருவதைவிட 50 பேர் ஆயிரம் தருவது நல்லதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து பேர் விலகினாலும் தொண்டர் ஆசிரியரின் கொடுப்பனவு நிற்காது. பெரிய தொகை தந்த ஒருவர், தன் ஊர் மருமகனுக்குக் கொந்தராத்துக் கேட்கும் பிரச்சினையும் வராது.

வெளிநாட்டுக் காசு வரும் பாதை

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சேர்த்த பணம் பாடசாலைக்கு எப்படி வருகிறது என்பதில்தான் சந்தேகமும் சண்டையும் அதிகம். ஓர் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கு அனுப்புவதும் வங்கிக்கு வெளியே ஆள்வழி அனுப்பும் உண்டியலில் கொடுத்துவிடுவதும் வேகமான வழிகள். ஆனால் இரண்டிலும் பாடசாலையின் பெயரில் தடம் இல்லை. பின்னால் கேள்வி எழுந்தால் அந்த ஆசிரியர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மாட்டிக்கொள்வார்.

பிரித்தானியாவில் பதிவு செய்த அறக்கட்டளை ஊடாகக் கொடுத்தால் நன்மை உண்டு. வருமான வரி கட்டும் ஒருவர் 100 பவுண் கொடுத்து அதற்கான படிவத்தில் கையெழுத்திட்டால், அறக்கட்டளை இன்னும் 25 பவுணை வரித் திணைக்களத்திடம் பெறலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுணுக்கு மேற்பட்ட அறக்கட்டளைகள் பொதுவாகப் பதிவு செய்தாக வேண்டும். கனடாவில் 2022க்கு முன் வெளிநாட்டில் செய்யும் வேலை அறக்கட்டளையின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கணக்குக் காட்டும் நிபந்தனைகளோடு வெளி அமைப்புகளுக்கும் மானியம் கொடுக்கலாம். இரு நாடுகளிலும் அறக்கட்டளை, பணம் கல்விக்கே செலவானது என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இங்கிருந்து ஒழுங்கான பற்றுச்சீட்டும் படமும் போகாவிட்டால் அடுத்த ஆண்டு அவர்களால் தர முடியாது. அவர்கள் கணக்குக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் அதிபர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கே தொண்டு நிறுவனமாக இயங்குவதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பதிவு இருக்கிறது. ஒரே ஒரு பாடசாலைக்கு உதவ விரும்பும் சிறு குழுவுக்கு அது பெரிய வேலை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு, நோக்கத்தைக் குறிப்பிட்ட கடிதத்தோடு, வங்கி ஊடாக அனுப்புவது அவர்களுக்கு எளிது.

வந்த பணத்தை நிர்வகிப்பது

பணம் தேடுவதில் காட்டும் ஆர்வம் பலருக்குக் கணக்கில் இல்லை. செய்ய வேண்டியவை அப்படியொன்றும் கடினமானவை அல்ல.

1. எந்தத் தொகைக்கும் அன்றே பற்றுச்சீட்டு. கொடுப்பனவுகள் காசோலையில், அதிபரும் பொருளாளரும் கையெழுத்திட்டு. கைக்காசாகச் செலவழிக்கும் தொகைக்கு ஓர் உச்ச வரம்பு.

2. நோக்கம் குறித்த நிதியும் பொது நிதியும் காசேட்டில் தனித்தனி நிரலில். நூலகத்துக்கு வந்த பணத்தை விளையாட்டுப் போட்டிக்கு ‘தற்காலிகமாக’ எடுப்பதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

3. அன்பளிப்பாக வந்த ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில். கதிரையோ கணினியோ, கொடுத்த பிறகு அது பாடசாலையின் சொத்து. கொடுத்தவர் கோபித்துத் திருப்பிக் கேட்க முடியாது.

4. மூலதன அன்பளிப்பை ஏற்கும் முன் மூன்று ஆண்டுப் பராமரிப்புக் கணக்கு. ஓர் இயந்திரம் தருபவரிடம், “இதற்கு ஆண்டுக்கு இவ்வளவு செலவாகும், முதல் மூன்று ஆண்டுக்கு அதையும் சேர்த்துத் தருவீர்களா?” என்று கேட்பதில் வெட்கமில்லை. மறுத்தால் வேறு ஏதாவது கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லும் துணிவும் நிர்வாகத்தில் சேர்ந்ததுதான்.

5. தவணைக்கு ஒருமுறை ஒரு பக்க வரவுசெலவுக் கூற்று, அறிவித்தல் பலகையிலும் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவிலும். பலகையில் போடாத கணக்கைப் பெற்றோர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். அந்த நிலைக்குப் போகாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

இவை எல்லாவற்றையும்விட முன்மொழிவு எழுதும் முறை முக்கியம். பாடசாலைகள் ஏற்கெனவே ஐந்தாண்டுத் திட்டமும் வருடாந்த அமுலாக்கல் திட்டமும் தயாரிக்கின்றன. பெரும்பாலும் வலயத்துக்கு அனுப்புவதற்காக மட்டும். அதே திட்டத்திலிருந்து முன்னுரிமை வரிசையில் பத்துத் தேவைகளை, ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலைக்கோரலோடு, ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் பாடசாலைக்கு உதவி கிடைக்கும். “எங்களிடம் ஒன்றுமில்லை, எதாவது செய்யுங்கள்” என்று கேட்பவருக்கு, கொடுப்பவர் தான் விரும்பியதைத் தருவார். அநேகமாக இன்னொரு வளைவு.

யாருக்குப் பழைய மாணவர் இருக்கிறார்கள்?

இந்த வழிகளையெல்லாம் புகழ்ந்துவிட்டு, அவற்றின் பெரிய குறையைச் சொல்லாமல் விட முடியாது. பழைய மாணவர் பணம் இடம்பெயர்வின் வரலாற்றைப் பின்தொடர்கிறது. முள்ளியவளை வித்தியானந்தா கல்லூரி, வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம் போன்ற பெயர்பெற்ற பாடசாலைகளில் படித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய மக்களின் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படித்தவர்களில் ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ போனவர்கள் மிகச் சிலர். மடு, துணுக்காய், வவுனியா வடக்கு வலயங்களின் சிறு பாடசாலைகள் பலவற்றுக்கும் இதே நிலைதான். மிகத் தேவையுள்ள பாடசாலைக்கு மிகக் குறைந்த வெளியுதவி. அதிபர் எவ்வளவு திறமைசாலி என்றாலும் இல்லாத பழைய மாணவரைக் கண்டுபிடிக்க முடியாது.

இதன் அடுத்த விளைவு பிள்ளைகள் நகர்வது. உதவி கிடைத்த நகரப் பாடசாலை வளர்கிறது, ஐந்து மைல் தள்ளியுள்ள பாடசாலையிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுபோகிறார்கள், அங்கே தொகை குறைகிறது, தொகையை வைத்துக் கணக்கிடும் தர உள்ளீட்டு நிதியும் குறைகிறது. பிறகு ‘மாணவர் குறைந்த பாடசாலைகளை மூடுவது’ பற்றிய பேச்சு வருகிறது. மூடினால் யானை வரும் காட்டுப்பாதையில் ஆறு கிலோமீற்றர் சைக்கிள் ஓட வேண்டியது தரம் 3 பிள்ளை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பாடசாலைகள் தாமாகவே சமாளிக்கின்றன என்று தெரிந்தால் அரசு கையை விலக்கிக்கொள்ளும். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் ஒதுக்கு என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒதுக்கீடு அதன் கிட்டவும் வரவில்லை. கணித ஆசிரியர் நியமனம் மாகாணத்தின் கடமை. தொண்டர் ஆசிரியருக்குப் பணம் தேடும் சங்கம், அதே மாதத்தில் வெற்றிடத்தைச் சுட்டி வலயத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதியையும் கோப்பில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வெற்றிடம் காகிதத்திலிருந்தே மறைந்துவிடும்.

ஏற்றத்தாழ்வைக் கொஞ்சமாவது குறைக்க ஒரு வழி, வலயத்தின் உட்பிரிவான கோட்ட மட்டத்தில் பொது நிதி. வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் பாடசாலைக்கு அனுப்பும் ஒவ்வொரு பத்து ரூபாவிலும் ஒரு ரூபாவை அதே கோட்டத்தின் சிறு பாடசாலைகளுக்கென ஒதுக்கலாம். ஒரு தொண்டர் ஆசிரியரை இரண்டு பாடசாலைகள் பகிரலாம், ஒரே தொழில்நுட்பவியலாளர் ஐந்து பாடசாலைகளின் நீர் இயந்திரங்களைப் பார்க்கலாம். இதை நடத்தத் தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது, பணம் எந்தக் கணக்கில் இருக்கும், யார் கையெழுத்திடுவார், எந்தப் பாடசாலைக்கு எந்த வரிசையில் போகும் என்பதை முதல் ரூபா வருவதற்கு முன்பே எழுதிவைத்த ஓர் உடன்படிக்கை. கோட்டக் கல்விப் பணிப்பாளரும் அதிபர்களும் இடமாற்றம் பெற்றுப் போய்க்கொண்டே இருப்பார்கள் என்பதால், கையளிக்கும் நாளில் கணக்கு மீதியையும் நிலுவையிலுள்ள வாக்குறுதிகளையும் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும் என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.